வெள்ளத்தில் ஓடிய கெப்: பின் அச்சு ஒயிலைப் பார்த்தீர்களா?

மட்டக்களப்பு களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். பழைய கெப் (பிக்கப்) வைத்துக்கொண்டு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வயலுக்கு ஓடுகிற ஆட்களுக்காகத்தான் இது. எங்களுடையது 1993ஆம் ஆண்டு ஹைலக்ஸ், எல்என் 85, சிங்கிள் கெப், 2446 சீசீ டீசல் எஞ்சின். அப்பா வாங்கியது. விதைநெல், பசளை, அறுவடை நெல் எல்லாம் பட்டிருப்புப் பாலத்தால் வெள்ளாவெளிக்கும் வீட்டுக்குமாக இவ்வளவு காலமும் இழுத்தது அதுதான், அதனால் அதன் வேலையை முடிந்தவரை நானே செய்கிறேன்.

2024 நவம்பர் கடைசி மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அள்ளியது அந்த 26ஆம் திகதிதான். அதற்குப் பிறகு, ஓடுகிற தண்ணீருக்குள் வாகனத்தை இறக்குவது என்ற பேச்சே எங்கள் வீட்டில் இல்லை. நான் போனது மழை விட்டுச் சில நாள் கழித்து, வயல் வாடியில் நின்ற மாமாவுக்குச் சாமான் கொடுக்க. ரோட்டில் தண்ணீர் ஓடாமல் தேங்கித்தான் நின்றது, ஆனாலும் அரைச் சில்லு ஆழம் இருந்தது.

வந்ததும் கெப்பைக் கழுவினேன், பிறேக்கை மிதித்து மிதித்து ஓடிக் காயவைத்தேன், டீசல் பில்டருக்கு அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. எஞ்சின் ஒயிலும் சுத்தம். சரி, எல்லாம் முடிந்தது என்று விட்டுவிட்டேன். பின் அச்சு என் நினைவுக்கே வரவில்லை.

மாசியில் நெல் ஏற்றி வரும்போது ஐம்பது, அறுபதில் ஒரு ஊளைச் சத்தம். முதலில் டயர் என்றுதான் நினைத்தேன். டயர்ச் சத்தம் என்றால் வேகத்தோடு கூடும், குறையும், அக்சிலேட்டரில் காலை வைத்தாலும் எடுத்தாலும் பெரிதாக மாறாது. சில்லு பெயாரிங் என்றால் வளைவில் ஒரு பக்கம் சாயும்போது சத்தம் மாறும். இது இரண்டும் இல்லை. காலை அழுத்தினால் ஒரு சத்தம், எடுத்தால் வேறு சத்தம். பின் அச்சின் நடுவில் சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற பல்லுப் பெட்டிதான் டிஃபரன்சல். அதற்குள் பினியன் என்கிற சின்னப் பல்லுச் சக்கரத்தின் பக்கம் தேய்ந்தால் இப்படித்தான்.

ஒயிலை வடித்துப் பார்க்கலாம் என்று கெப்புக்கு அடியில் படுத்தபோது, பக்கத்து வீட்டில் இருக்கிற வயதான மெக்கானிக் பாஸ் வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "மனே, கீழ் ஆணியில கை வைக்காத. மேல் ஆணி கழருதா எண்டு முதல்ல பார்."

இந்த ஒரு வார்த்தைக்காகவே இவ்வளவையும் எழுதுகிறேன். டிஃபரன்சலில் ஒயில் ஊற்றுகிற ஆணி மேலே, வடிக்கிற ஆணி கீழே. கீழதைக் கழற்றி ஒயிலை எல்லாம் வடித்த பிறகு மேலது துருப்பிடித்து அசையாவிட்டால், புது ஒயில் ஊற்ற வழியில்லை, கெப்பும் ஓடாது. என்னுடையதில் மேல் ஆணி உண்மையாகவே இறுகிப்போய்த்தான் இருந்தது. துரு இளக்கும் ஒயிலை அடித்து ஒரு இரவு விட்டு, ஆணித் தலையில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, 24 சொக்கெட்டுக்கு நீளக் குழாய் மாட்டி இழுத்த பிறகுதான் அசைந்தது. சொக்கெட் ஆறு மூலை உள்ளதாக இருக்கட்டும், பன்னிரண்டு மூலை வழுக்கினால் ஆணித் தலை உருண்டு போய்விடும்.

பிறகு கீழ் ஆணியைத் திறந்தேன். முதலில் கொஞ்சம் தண்ணீர், அதற்குப் பின்னால் அப்படியே பால்தேத்தண்ணி நிறத்தில் ஒயில். மூன்று மாதம் அதோடுதான் ஓடியிருக்கிறேன். மனம் நொந்து போனது.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்றால், ஓடி வந்த அச்சு சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கியதும் அந்தக் காற்று சுருங்கி வெளியில் இருந்து உறிஞ்சும். அச்சின் மேல் மூச்சு விட ஒரு சின்ன மூடி இருக்கிறது, பிறீதர் என்பார்கள். என்னுடையது சேறு காய்ந்து அடைத்துப்போய் இருந்தது, அதனால் பழைய சீல்கள் வழியாகத் தண்ணீரை இழுத்திருக்கிறது. பிறீதர் அடைத்தால் மறுபக்கமாகவும் தொல்லை வரும்: சூட்டில் கூடும் அமுக்கம் ஒயிலை சீல் வழியாகத் தள்ளி பிறேக் சூவில் ஊற்றிவிடும்.

வடித்த ஒயிலுக்குள் பழைய ஸ்பீக்கர்க் காந்தம் ஒன்றை விட்டுக் கிளறினேன். சாம்பல் நிறப் பசை ஒட்டினால் அது வழமையான தேய்மானம். எனக்கு விரலில் குத்துகிற செதில்களே வந்தன. அரைப் பக்க அச்சுகளை நானும் மச்சானும் இழுத்து எடுத்து, டிஃபரன்சல் கூட்டைக் கழற்றி கராஜுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பினியன் பெயாரிங் மாற்றி இறுக்கம் வைப்பதும், பல்லுக்குப் பல் இடைவெளி பார்ப்பதும் அளவுக் கருவியோடு செய்கிற வேலை, அதை வீட்டில் தொடவேண்டாம். திரும்பப் பூட்டியதை நாங்களே செய்தோம், புது சீல், புது பெக்கிங். முதலில் மலிவான கியர் ஒயில் ஊற்றி முப்பது கிலோமீற்றர் ஓடி வடித்துவிட்டு, அப்புறம்தான் டிஃபரன்சலுக்கு ஏற்ற ஜிஎல்-5 தர நல்ல கியர் ஒயில் விட்டேன். ஊற்றுகிற துளையால் வழியத் தொடங்கினால் அளவு சரி.

பிறீதர் மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு குழாய் முனையைப் பூட்டி, ஒயில் தாங்கும் றப்பர் குழாயை அதில் மாட்டி, பின் லைட்டுக்குப் பின்னால் உயரத்துக்குக் கொண்டுபோய் முனையைக் கீழ் நோக்கி வளைத்துக் கட்டியிருக்கிறேன். ஒரு மணித்தியால வேலைகூட இல்லை. நாலு சில்லும் இழுக்கிற கெப் என்றால் முன் அச்சுக்கும் இதேபோல ஒன்று போடுங்கள்.

இப்போது எங்காவது அரைச் சில்லுத் தண்ணீருக்குள் இறங்கினால், அடுத்த நாள் காலையில் மேல் ஆணியைத் திறந்து விரலை விட்டு ஒயிலைத் தொட்டுப் பார்க்கிறேன். தண்ணீர் அடியில்தான் தங்கும் என்பதால் கீழ் ஆணியையும் ஒரு சுற்று இளக்கி நாலு சொட்டு விழ விடுகிறேன். போன மாரியில் இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் தேன் நிறம்.