புதுப்பிப்பு: ஹெட்போன் முழக்கம் அடங்கிருச்சு

கேமிங் ஹெட்போனில் பேஸ் (தாழ்ந்த, கனத்த சத்தம்) மட்டும் குடத்துக்குள்ள பேசுற மாதிரி முழங்குது, எதிரியோட காலடிச் சத்தம் அதுல முங்கிப்போகுதுன்னு போன மாசம் எழுதியிருந்தேன். ஹெட்போனுக்குள்ள பஞ்சு வைக்கச் சொன்ன அண்ணன்மாருக்கு முதல்ல நன்றி.

எங்க காரைக்குடி வீட்டுப் பட்டாலையில (பெரிய கூடத்தில) நின்னு கூப்பிட்டா ஆத்தங்குடிக் கல்லும் வழவழச் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கும். ஜமுக்காளம் விரிச்சா அடங்கும். ஹெட்போன் கிண்ணமும் வெறும் பிளாஸ்டிக் அறைதானே, அதே கதை!

குஷனைக் கழற்றி, திருகெடுத்து, உதிர்த்த பஞ்சை உள்ளே வைச்சேன். முதல்ல திணிச்சுட்டேன், பாட்டு உயிரில்லாம போச்சு. பாதியை எடுத்ததும்தான் சரியாச்சு. சத்தம் எழுப்புற டிரைவருக்குப் பின்னாடி இருக்கிற சின்னத் துளையைப் பஞ்சு அடைக்கக்கூடாது, பேஸே மாறிடும். வயர் தலைமுடி மாதிரி மெல்லிசு. இழுத்ததில் வலப்பக்கம் அறுந்து, மறுபடி பத்தவைச்சேன்.

துணிக் குஷனும் மாட்டிப் பார்த்தேன். காதோரம் காத்து கசிஞ்சு பேஸ் ரொம்பக் குறைஞ்சது. பழைய ரெக்சின் குஷனையே திரும்பப் போட்டுட்டேன்.

இப்போ காலடி எந்தப் பக்கம்னு தெளிவாத் தெரியுது. நாதஸ்வரம் கேட்டேன், வாய் வச்சு ஊதுற சீவாளியோட கரகரப்பு வரைக்கும் கேக்குது. அவ்வளவு சந்தோஷம்.