அம்மா சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை, போனில் பேசும் மருந்தாளுநரால் பயன் இருக்குமா?

தென்காசிக்காரன்:

வணக்கம். அம்மாவுக்கு 63 வயது, பத்து வருஷத்துக்கு மேலாக சுகர். தென்காசி பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார், நான் பெங்களூரில். மெட்ஃபார்மினும் கிளைமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும், அதோடு பிபிக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. போன மாதம் ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 9.4 வந்ததால் டாக்டர் இன்னொரு மாத்திரையும் சேர்த்து எழுதியிருக்கிறார், அதை இன்னும் வாங்கவில்லை. ஊருக்குப் போனபோது அலமாரியைத் திறந்தால் பிரிக்காத அட்டைகள் அப்படியே கிடக்கின்றன. தினமும் போனில் கேட்பேன், "போட்டாச்சுய்யா" என்பதுதான் பதில்.

ஒரு நிறுவனம் வருடச் சந்தா கட்டினால் வாரம் ஒருமுறை மருந்தாளுநரே அம்மாவிடம் போனில் பேசுவார் என்கிறது. கட்டலாமா? நான் கேட்டே நடக்காதது அவர் கேட்டால் நடக்குமா? அல்லது அவர்களிடமே மாத்திரை வாங்க வைக்கும் வழியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதுரை மருந்தாளுநர்:

தம்பி, சந்தாவை அப்புறம் பார்ப்போம், அந்தப் புது மாத்திரையை முதலில் கவனியுங்கள். அட்டைகள் பிரிக்காமல் கிடப்பது டாக்டருக்குத் தெரியுமா? தெரியாது என்றால், அம்மா எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டும் 9.4 இருக்கிறது என்று நினைத்துத்தான் அவர் கூட்டியிருப்பார். நாளைக்கே நீங்கள் வற்புறுத்தி, அம்மா பழையது புதியது எல்லாவற்றையும் வேளை தவறாமல் போட ஆரம்பித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும் கிளைமிபிரைடு இருக்கும் சீட்டில் இந்த ஆபத்து நிஜமானது, அதுவும் தனியாக இருப்பவருக்கு. புது மாத்திரையைத் தொடங்கும் முன் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. "போட்டீர்களா?" என்று கேட்பது மட்டும்தான் அந்த மருந்தாளுநரின் வேலை என்றால் காசு வீண், அதற்கு அலாரம் போதும். நான் நோயாளிகளிடம் போனில் பேசும்போது "போன வாரம் எந்த வேளை மாத்திரை விட்டுப்போனது?" என்றுதான் தொடங்குவேன். விட்டுப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான் என்ற தொனியில் கேட்டால் ஆட்கள் மறைக்க மாட்டார்கள். நடப்பதும் அதுதான்: வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்க்கு மருந்து எடுப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் சரியாக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003 அறிக்கை சொல்கிறது.

காரணம் தெரிந்தால்தான் வழி தெரியும். மெட்ஃபார்மின் போட்டால் வயிறு கலக்குகிறது, பஸ்ஸில் போகும் நாளில் பயம் என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. சாப்பாட்டோடு போடச் சொல்வது, டாக்டரிடம் பேசி மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவது என்று இதற்கு வழி உண்டு. அந்த வகையைப் போடுகிறவர்களில் சிலர் மலத்தில் மாத்திரையின் கூடு வருவதைப் பார்த்து, கரையவே இல்லை, வீண் என்று நிறுத்திவிடுகிறார்கள். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வெளியே வருவது வெறும் கூடுதான் என்று சொன்னால் நிம்மதியாகத் தொடர்வார்கள். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம் இருப்பவர்களிடம் அன்றைக்கு என்ன செய்கிறீர்கள் என்று தனியாகக் கேட்க வேண்டும், சாப்பிடாமல் கிளைமிபிரைடு போடக் கூடாது.

வீடியோ காலில் வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் காட்டச் சொல்வதும் முக்கியம். அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்தது, மெடிக்கலில் வாங்கியது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது என்று ஒரே மருந்து வேறு வேறு பெயரில் இருக்கும், சிலர் இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த நிறுவனத்திடம் இரண்டு கேளுங்கள். பேசுபவர் மாநில மருந்தியல் கவுன்சிலில் பதிவு பெற்றவரா? பேசியதை அம்மாவின் டாக்டருக்கு எழுதி அனுப்புவார்களா? நோயாளிக்கு ஆலோசனை சொல்வது 2015 மருந்தக நடைமுறை விதிமுறைகளிலேயே எங்கள் வேலையாக இருக்கிறது. ஆனால் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. போனிலேயே அளவை மாற்றச் சொல்பவர் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஹாரோ தமிழிச்சி:

நான் லண்டனில் இருக்கிறேன், யாழ்ப்பாணம் சொந்த இடம். இங்கிலாந்தில் 2011 முதல் இதை அரசாங்க சுகாதார சேவையே இலவசமாகச் செய்கிறது. இரண்டாம் வகை நீரிழிவுக்கு டொக்டர் புதுக் குளிசை (மாத்திரை) எழுதினால், அதை வாங்குகிற பார்மசியிலேயே பதிந்துகொள்ளலாம். ஒன்றிரண்டு கிழமைக்குப் (வாரத்துக்குப்) பிறகு மருந்தாளர் பேசுவார், அதற்குப் பிறகு இரண்டு மூன்று கிழமை கழித்து இன்னொருமுறை. தொலைபேசியிலும் செய்யலாம்.

என் மாமாவுக்கு (கணவரின் அப்பா) டாபாகிளிஃப்ளோசின் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் பேசாமல் நிறுத்திவிட்டார், எங்களுக்கு ஏன் என்று தெரியாது. பார்மசியில் இருந்து தொலைபேசி எடுத்தபோது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். மறைவிடத்தில் கடி (அரிப்பு), பூஞ்சைத் தொற்று. அந்தக் குளிசை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால் சிலருக்கு அப்படி வருமாம். மருமகளிடம் அதை எப்படிச் சொல்வார், பாவம்? மகனிடமும் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவர் கேட்டதால் சொன்னார். பூசுமருந்து கிடைத்தது, டொக்டரோடு பேசித் திரும்பத் தொடங்கினார். வாந்தி, வயிற்றோட்டம் வந்து சாப்பிட முடியாத நாட்களில் அந்தக் குளிசையை நிறுத்திவிட்டு உடனே கூப்பிட வேண்டும் என்பதும் அந்த அழைப்பில்தான் எங்களுக்குத் தெரிந்தது. தம்பி, பிள்ளைகளிடம் சொல்லாததைப் பெற்றோர் வெளியாளிடம் சொல்வார்கள், அதற்காகவே இது தேவை.

சேலம் செல்வி:

சந்தா கட்டும் முன் இதையும் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிபி மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், வருபவர் பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பெண்ணாகவே இருப்பார். அம்மா அதில் பதிந்தால், அவர் வரும்போது மீதி அட்டைகளையும் ஒரு கண் பார்க்கச் சொல்லலாம். போன் பேச்சோடு நேரில் பார்க்கும் ஒருவரும் இருந்தால் நல்லது.

இன்சுலின் போடுபவர்கள் யாராவது இதைப் படித்தால் கட்டாயம் வீடியோவில் ஊசியையும் காட்டுங்கள். என் சித்தப்பாவிடம் இருந்த குப்பி மில்லிக்கு 40 யூனிட் வகை, ஊசி மில்லிக்கு 100 யூனிட் வகை. அந்த ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட். ஒரு வேளைகூட விடாமல் போட்டும் சர்க்கரை குறையவில்லை என்று எல்லோரும் அவரைத்தான் திட்டினோம், ஊசியைக் காட்டச் சொன்ன மருந்தாளுநர்தான் கண்டுபிடித்தார். ஊசியில் சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு.

தென்காசிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மருந்தாளுநர் அண்ணன் சொன்ன மாதிரியே "எந்த வேளைம்மா விட்டுப்போகுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் சொன்னார். ராத்திரி மாத்திரையைத்தான் அடிக்கடி விடுகிறாராம். இரவில் இரண்டு இட்லிதான் சாப்பாடு, மாத்திரை போட்டால் நடுராத்திரியில் வேர்த்துக் கொட்டி கை நடுங்குகிறதாம். தனியாக விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று பயம். நான் கவலைப்படுவேன் என்று சொல்லவில்லையாம்.

மதுரை மருந்தாளுநர்:

அது லோ சுகர் மாதிரியே இருக்கிறது தம்பி, வியாழன் வெள்ளி என்று தள்ளாமல் இன்றே டாக்டருக்குப் போன் செய்து இதே வார்த்தையில் சொல்லுங்கள், இரவு மாத்திரையை என்ன செய்வது என்று அவர் சொல்லட்டும். குளுக்கோமீட்டர் இல்லாவிட்டால் வாங்கிக்கொடுங்கள். வேர்வையோ நடுக்கமோ வந்தால் உடனே குத்திப் பார்க்க வேண்டும், 70க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மீட்டர் கைக்கு எட்டாவிட்டால் குடித்துவிட்டு அப்புறம் பார்க்கட்டும். குளுக்கோஸ் டப்பாவும் தண்ணீரும் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும், பக்கத்து வீட்டில் ஒருவருக்கும் சொல்லி வையுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.