மினி டிராக்டர் எடுத்தவர்களே, பழகின கதையைச் சொல்லுங்கள்

ஆனைமலை, தென்னந்தோப்பு:

தென்னைக்கு 25 அடி இடைவெளி விட்டிருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். நடுவில் ஜாதிக்காய் வைத்த பிறகு பெரிய வண்டிக்குத் திரும்ப இடம் ஏது? அதனால் 27 ஹெச்பியில், நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போகிற ஃபோர் வீல் மினி எடுத்தோம். ஸ்டீயரிங், கியர் எல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. ஆட்டம் காட்டியது மற்ற சமாச்சாரங்கள்தான்.

ஒரு நாள் சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. பேட்டரி போச்சு என்று டிரைவர் ஸ்பேனரோடு வந்துவிட்டார். பார்த்தால், பின்னால் மாட்டுகிற கருவியை இன்ஜினால் சுற்றவைக்கிற பிடிஓ லிவர் போட்டபடியே கிடக்கிறது. அதை நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்ச்சை அடிவரை மிதித்தால்தான் இந்த வண்டியில் ஸ்டார்ட்டர் சுற்றும். ஆள் பின்னால் நிற்கும்போது மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர் சுற்றிவிடக் கூடாது இல்லையா, அதற்கான ஏற்பாடு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு நாள் கருவியைத் தூக்கி இறக்குகிற லிவரை இறக்கினால் அஞ்சு கொத்துக் கலப்பை அந்தரத்திலேயே நிற்கிறது. வருஷக்கணக்காகப் பெரிய டிராக்டர் ஓட்டியவர், "ஹைட்ராலிக் போயிருச்சுங்க" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். சர்வீஸ் பையனுக்குப் போன் போட்டால் சிரிக்கிறான். "ஏனுங்கண்ணா, சீட்டுக்குக் கீழே ஒரு திருகு இருக்குதுங்களா? அதைக் கொஞ்சம் தொறந்து விடுங்க." மெதுவாகத் திருக, உஸ்ஸென்று கலப்பை தரையில் உட்கார்ந்தது. இறங்கும் வேகத்தை வைக்கிற திருகு அது. முழுசாக மூடினால் இறங்கவே இறங்காது. ரோட்டில் போகும்போது மூடி வைத்துக்கொண்டால் குலுக்கலில் கலப்பை கீழே வராது.

வலது கைப்பக்கம் இரண்டு லிவர் இருக்கிறதே, அதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒன்று, கருவியை நாம் வைத்த உயரத்திலேயே நிறுத்தும். ரோட்டவேட்டருக்கு அதுதான். மற்றது மண்ணின் இழுவையைப் பார்த்து வேலை செய்யும். கெட்டி மண் வந்தால் கலப்பையைத் தானாகக் கொஞ்சம் தூக்கும், இளகியதும் இறக்கும். கொத்துக் கலப்பைக்கு அதைப் பழகிவிட்டால் டயர் வழுக்குவது குறையும்.

கம்பம், பந்தல் திராட்சை:

எங்களுக்கு உயரம்தான் பிரச்சினை. சைலன்சர் மேலே பார்த்திருந்தால் கொடியைக் கருக்கிவிடும். புகை கீழே பக்கவாட்டில் போகிற மாடலாகப் பாருங்கள். மருந்தடிக்க நான் பிடிஓவை 540இ என்கிற சிக்கன நிலையில் போட்டுத்தான் ஓட்டுகிறேன். இன்ஜின் குறைந்த ஓட்டத்தில் இருந்தாலும் பிடிஓவில் நிமிஷத்துக்கு அதே 540 சுற்று வந்துவிடும். டீசலும் மிச்சம், காதுக்கும் நிம்மதி. ரோட்டவேட்டருக்கு அதைப் போடாதீர்கள், கெட்டி மண்ணில் திணறும்.

அப்புறம் பிரேக். இடது பின் சக்கரத்துக்கு ஒரு மிதி, வலதுக்கு ஒரு மிதி. வரிசை முடிவில் திரும்புகிற பக்கத்து மிதியை மட்டும் அழுத்தினால் வண்டி நின்ற இடத்திலேயே சுழல்வது மாதிரித் திரும்பும், அழகாக இருக்கும். ஆனால் தோட்டத்தை விட்டு ரோட்டில் ஏறும் முன் இரண்டு மிதியையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிட வேண்டும். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் கவிழ்ந்துவிடும்.

தொண்டாமுத்தூர், வாழை:

தார் ரோட்டில் ஏறியதும் ஃபோர் வீல் இழுவையை நிறுத்திவிடுங்கள். முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம் முந்திச் சுற்றுகிற மாதிரி வைத்திருப்பார்கள். மண்ணில் அந்த வித்தியாசம் வழுக்கிச் சரியாகிவிடும், தாரில் டயரைத் தின்னும். பாரத்தோடு சரிவில் இறங்கும்போது மட்டும் போட்டுக்கொள்கிறேன். பிரேக் பின் சக்கரத்துக்குத்தானே, ஃபோர் வீல் போட்டால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும்.

ரோட்டவேட்டரைத் தூக்கியதும் மூக்கு லேசாகி ஸ்டீயரிங் மிதந்தால் முன்னால் எடைக்கட்டி மாட்டுங்கள்.

ஆனைமலைக்காரருக்கு ஒரு கேள்வி: உங்கள் வண்டியை நிறுத்தக் குமிழை இழுக்க வேண்டுமா, சாவியே போதுமா?

ஆனைமலை:

குமிழ்தான். சாவியை மட்டும் திருப்பினால் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். குமிழை இழுத்து நிறுத்திவிட்டுச் சாவியை அப்படியே விட்டால் காலையில் பேட்டரி காலி. டிரைவர் இப்போது சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார். அவர் லீவு போட்டால் வண்டியும் லீவு.