எஃப்வியா, மேனுவலா? நம்ம பக்கம் படம் எடுக்கவங்க அனுபவத்த சொல்லுங்க

கூழைக்கடா:
கூந்தன்குளம் பறவை சீசன் வந்துட்டாலே இந்த சண்டையும் கூடவே வந்துருது: ஷட்டர் (வெளிச்சம் விழுத நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் தொறப்பு, எஃப் நம்பர்), ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்வு) மூணையும் நாமளே வைக்குத மேனுவலா, வேணுங்கத மட்டும் பிடிச்சு மிச்சத்த கேமராகிட்ட விடுத எஃப்வியான்னு. மேனுவல்ல எடுக்காதவன்லாம் போட்டோகிராபரே இல்லங்காரு ஒருத்தரு, இந்தக் காலத்துல எவம்ல டயல திருகிக்கிட்டு நிப்பாங்காரு இன்னொருத்தரு. ரெண்டு பேரு படமும் நல்லாத்தான் இருக்கு, அது வேற விஷயம். நான் பாக்கது ஒண்ணே ஒண்ணுதான், நிக்க இடத்துல லைட்டு மாறுதா, இல்ல லைட்டு அப்படியே இருக்க பின்னாடி உள்ளது மட்டும் மாறுதா.

கூந்தன்குளத்துல காலைல எட்டு மணிக்கு மேல வெயில் ஸ்டெடி, மேகம் இல்லன்னா மத்தியானம் வரைக்கும் பெருசா ஒண்ணும் மாறாது. ஆனா மஞ்சமூக்கு நாரை கருவேல மரத்துல இருந்து கெளம்பி தண்ணிக்கு மேல வந்து வானத்துக்கு ஏறுது பாருங்க, அந்த மூணு நாலு செகண்டுக்குள்ள பின்னாடி கருப்பு, வெள்ளி, வெளிர் நீலம்னு மூணு தடவ மாறிருது. ஆட்டோல எது வச்சாலும் கேமரா இருட்டான மரத்த பாத்து படத்த வெளுப்பாக்கி இறகுல ஒரு டீட்டெயிலும் இல்லாம பண்ணிரும், வானத்துக்கு போனதும் பறவைய கரிக்கட்டை ஆக்கிரும். நாரை மேல விழுத வெயில் மட்டும் மூணு இடத்துலயும் ஒரே வெயில்தான். அதனால அங்க நமக்கு முழு மேனுவல். ஐஎஸ்ஓ 400, எஃப் 8ன்னு வச்சா பழைய சன்னி 16 கணக்குப்படி (நல்ல வெயில்ல எஃப் 16னா ஷட்டர் 1/ஐஎஸ்ஓ) ஷட்டர் 1/1600 வரும், வெள்ளை இறகுக்காக கொஞ்சம் கொறச்சு 1/2500ல நிறுத்திட்டு, ஒரு டெஸ்ட் ஷாட் எடுத்து ஹிஸ்டோகிராம் (வெளிச்சத்தக் காட்டுத வரைபடம்) வலது ஓரத்துல முட்டலன்னு பாத்துக்கிட்டா போதும், பொறவு போகஸ மட்டும் கவனிக்கலாம்.

அதே கேமராவ தூக்கிக்கிட்டு மணிமுத்தாறு வழியா மாஞ்சோலை மேல ஏறுனா கதையே வேற. சோலைமந்தி கெளைக்கு கெளை தாவும்போது ஒரு இடத்துல வெயில் பொட்டு, அடுத்த கெளைல அரை இருட்டு. அங்க போயி மேனுவல் கெத்து காட்டுனா குரங்கு போனபொறவு வெறும் கெளைதான் மிஞ்சும். அங்க நான் எஃப்வில ஷட்டர் 1/500, அப்பர்ச்சர் முழுசா தெறந்து, ஐஎஸ்ஓ ஆட்டோ, காம்பன்சேஷன் (வெளிச்சத்த கூட்டிக் கொறைக்கது) மட்டும் கை விரல்ல.

தெரியாதவங்களுக்கு, எஃப்விங்கது கேனான் 2018ல ஈஓஎஸ் ஆர் கேமராவோட கொண்டு வந்தது. எல்லாம் ஆட்டோன்னா அது பி மோடு மாதிரி, அப்பர்ச்சர பிடிச்சா ஏவி, ஷட்டர பிடிச்சா டிவி, ரெண்டையும் பிடிச்சு ஐஎஸ்ஓவ விட்டா மேனுவல்ல ஆட்டோ ஐஎஸ்ஓ போட்ட மாதிரி. மோடு டயல தொடாமலே எல்லாத்துக்கும் போயி வரலாம், அம்புட்டுதான். பென்டாக்ஸ் வச்சிருக்கவங்க இதக் கேட்டு சிரிப்பாவ, 2006லயே கே10டில டிஏவின்னு, ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நாம பிடிச்சு ஐஎஸ்ஓவ கேமராகிட்ட விடுத மோடு இருந்துச்சு.

டவுன் தேரடி:
அண்ணாச்சி சொல்லுதது சரிதான், ஆனா கல்யாண வேலைல நான் கொஞ்சம் மாறுபடுதேன். மண்டபத்துல இப்ப எல்லாம் எல்இடி, நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், ஷட்டர 1/100ஐ விட்டு நகத்துனா சில லைட்டுல படத்துல கோடு கோடா விழுந்துரும், அதனால அது பூட்டு போட்ட மாதிரி அங்கனயே நிக்கணும். ஏவி மோடுல போட்டா கேமரா அது இஷ்டத்துக்கு 1/160, 1/250ன்னு ஓடும், அதான் ஏவி பக்கமே போறதில்ல. ஆட்டோ ஐஎஸ்ஓவும் முகூர்த்த நேரத்துல நம்பிக்கை இல்ல, பொண்ணு மேல அரக்கு பட்டு, மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டை, பக்கத்துல வீடியோக்காரர் லைட்டு, ப்ரேம் கொஞ்சம் எடது பக்கம் போனா ஒரு ஐஎஸ்ஓ, வலது பக்கம் போனா இன்னொண்ணு. ஆல்பம் போடும்போது ஒரே தாலி கட்டுல அஞ்சு படம் அஞ்சு வெளிச்சத்துல இருந்தா உக்காந்து சரி பண்ணியே கண்ணு போயிரும். மேடைல முழு மேனுவல், பந்தில ஆட்டோ ஐஎஸ்ஓ. பந்தில யாரு எந்த மூலைல ஜன்னல் பக்கம் உக்காந்திருப்பாவன்னு எவனுக்குத் தெரியும்.

ஆனித்தேருக்கு கதை தலைகீழ். தேர் ரதவீதிய சுத்தி வரும்போது ஒரு வீதில முகத்துல வெயில் அடிக்கும், திரும்புனதும் பூரா நெழலு. கூட்டத்துல வடத்துக்கிட்ட நிக்கும்போது டயலப் பாக்க ஏது நேரம், பின்னாடி இருந்து தள்ளுவாவ. அங்க எஃப்வி மாதிரி ஒண்ணு இருந்தா தப்பிக்கலாம்.

சாமக்கொடை:
சொடலமாடன் கோயில் கொடைல எடுத்துப் பாருங்க, அப்பத் தெரியும் ஆட்டோ யாருக்கு ஒதவும்னு. நடுச்சாமம், ஒரு பக்கம் டியூப் லைட்டு, சாமியாடி கைல தீப்பந்தம். பந்தம் ப்ரேமுக்குள்ள வந்ததும் கேமரா அந்த வெளிச்சத்தப் பாத்து பயந்து எல்லாத்தையும் இருட்டாக்கிரும், முகம் எங்கன இருக்குன்னே தெரியாது. பந்தம் வெளிய போனதும் ஐஎஸ்ஓ எகிறி படம் பூரா மணல் தூவுன மாதிரி புள்ளி. நான் 1/200, எஃப் 2, ஐஎஸ்ஓ 3200 வச்சு பந்தத்துக்கு பக்கத்துல உள்ள முகத்துக்கு கணக்கு போட்டுருவேன், பந்தம் வெடிச்சு வெள்ளையா போனா போகட்டும், நெருப்பு வெள்ளையா இருந்தா என்ன கொறஞ்சு போச்சு. பிளாஷ் அடிக்கது சாமிக்கு முன்னாடி மரியாதையும் இல்ல, பந்தத்தோட நெறமும் போயிரும்.

நிக்கான் வச்சிருக்கவங்க ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங் (ப்ரேம்ல ரொம்ப வெளிச்சமா உள்ளத வச்சு கணக்கு போடுதது) போட்டுப் பாருங்க, 2014ல டி810லயே வந்துட்டு. ஆனா கொடைல அது பந்தத்தத்தான் காப்பாத்தும், ஆளக் காப்பாத்தாது.

அம்பை பொண்ணு:
அண்ணாச்சிமாரே ஒரு சந்தேகம். பாபநாசத்துல அகஸ்தியர் அருவிய பட்டு மாதிரி எடுக்கணும்னு மேனுவல்ல 1/4 செகண்ட், எஃப் 16, ஆட்டோ ஐஎஸ்ஓ வச்சேன், ஸ்டாண்டு எல்லாம் போட்டுதான். படம் பூரா வெள்ளை. ஆட்டோ ஐஎஸ்ஓன்னா கேமரா பாத்துக்கிடும்னு தானே சொன்னீங்க?

கூழைக்கடா:
எம்மா, ஐஎஸ்ஓ 100க்கு கீழ எறங்க கேமராவுக்கு வழியில்ல, அது தரையத் தொட்டுட்டு நிக்கு. அந்த நேரம் ஐஎஸ்ஓ நம்பரோ மீட்டரோ மினுக்கிக்கிட்டு இருந்திருக்கும் பாருங்க. எஃப்வில வச்சிருந்தாலும் இதேதான், மோடு மேல பழி போடாதீங்க. என்டி பில்டர் (லென்ஸுக்கு முன்னாடி போட்டு வெளிச்சத்தக் கொறைக்க கருப்புக் கண்ணாடி) ஒண்ணு போடணும், மூணு ஸ்டாப்போ ஆறு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப்புக்கு வெளிச்சம் பாதியாகும்) வெயிலப் பொறுத்து, இல்லன்னா விடியக்காட்டியே போகணும். எஃப் 22க்கு மூடி சமாளிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, படம் மழுங்கிரும். ஐஎஸ்ஓவ ஆட்டோல விடாம 100லயே வச்சிருங்க, அருவிக்கு ஆட்டோவால ஒரு லாபமும் இல்ல.

இன்னொண்ணு, எஃப்வில மூணையும் நீங்களே பிடிச்சுட்டா காம்பன்சேஷன் வேலை செய்யாது, அது முழு மேனுவலா ஆயிரும். ஒரு இடத்துல அப்படி வச்சுட்டு அடுத்த இடத்துல கேமரா பாத்துக்கிடும்னு எடுக்கக் கூடாது. கெளம்பும்போது எல்லாத்தையும் ஆட்டோக்கு திருப்பி விட்டுட்டு பைல வைங்க.

டவுன் தேரடி:
எத்தன எம்எம் பில்டர்னு லென்ஸ் மூடிக்கு பின்னாடியே போட்டிருக்கும், பாத்துட்டு வாங்குங்க. கண்ணாடிய தொடைக்க துணி ரெண்டு எடுத்துக்கிடுங்க, அருவிச் சாரல் விடாது.