மறுமொழி: ‘எக்ஸ்ப்ளோஷன் ஈவென்ட்’டுக்குத் தமிழில் என்ன சொல்?

> ‘வாணவேடிக்கை’ என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

வணக்கம். நம் கலைச்சொல் தொகுப்புக்கு வந்த மற்ற பரிந்துரைகளுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.

வெடிமருந்தைக் கொண்டு படைக்கிற சீனக் கலைஞர் சாய் குவோசியாங் செய்வதை வாணவேடிக்கை என்று எழுதினால் அதில் பாதி கணக்கில் வராமல் போய்விடும். 1993 பிப்ரவரி 27 அன்று, சீனப் பெருஞ்சுவர் மேற்கே முடிகிற ஜியாயுகுவானுக்கு அப்பால், கோபி பாலைவனத்தில் 10,000 மீட்டருக்குத் திரி போட்டு 600 கிலோ வெடிமருந்து வைத்தார். பற்றவைத்ததும் நெருப்பு சுமார் 15 நிமிடம் மேட்டிலும் பள்ளத்திலும் ஓடியது. வானத்தில் பூ எதுவும் விரியவில்லை. சுவர் விட்ட இடத்திலிருந்து நெருப்பாலும் புகையாலும் இன்னொரு சுவர் நீண்டு, கரைந்தது. ‘பெருஞ்சுவரை 10,000 மீட்டர் நீட்டுதல்’ என்பதுதான் அதற்கு அவர் வைத்த பெயரும். இதில் வேடிக்கை எங்கே இருக்கிறது?

> அப்படியானால் ‘வெடிப்பு நிகழ்வு’ போதுமே.

போதாது. தமிழ் நாளிதழ் படிக்கிற யாருக்கும் இது காவல்துறைக் குறிப்பு மாதிரிதான் கேட்கும். நிகழ்வு தானாக நடப்பது. இங்கே ஒருவர் இடம் பார்த்து, நேரம் குறித்து, காற்றைக் கணித்து நடத்துகிறார். நிகழ்த்துகலை என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதே வேரிலிருந்து ‘வெடிநிகழ்த்துகை’ என்று எடுக்கலாம் என்பது என் பரிந்துரை.

சாயின் ‘வான ஏணி’யைப் பாருங்கள். 1994இல் இங்கிலாந்தின் பாத் நகரில் முயன்றார், வானிலை விடவில்லை. 2001இல் ஷாங்காயிலும் 2012இல் லாஸ் ஏஞ்சலஸிலும் அனுமதிச் சிக்கல். கடைசியில் 2015 ஜூன் 15 விடியுமுன், சொந்த ஊரான சுவான்சோவின் கடற்கரையில், பெரிய அறிவிப்பு எதுவும் இல்லாமல் செய்தார். ஹீலியம் அடைத்த பெரிய வெள்ளைப் பலூன் ஒன்று 500 மீட்டர் ஏணியை மேலே தூக்கிப் பிடித்திருக்க, கீழ்ப்படியில் வைத்த தீ படிபடியாக ஏறியது. ஏணி முழுதும் பொன்னிறமாக எரிந்து, ஓரிரண்டு நிமிடத்தில் அணைந்தது. நூறு வயதுப் பாட்டிக்காகச் செய்தது அது. பாட்டி வீட்டிலிருந்தபடி கைப்பேசியில் பார்த்தார். இருபது வருடம் ஒருவர் விடாமல் முயன்று முடித்ததை ‘நிகழ்வு’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

(சுவான்சோ என்றதும் இங்கே சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர்தான். தமிழ் வணிகர்கள் கட்டிய சிவன் கோயிலின் சிற்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அதைத் தனி இழையில் பேசுவோம்.)

அடுத்து, அவர் தாளிலும் துணியிலும் செய்கிற வேலை. ‘வெடிமருந்து ஓவியம்’ என்றே நேராகச் சொல்லலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். தவறில்லை. ஆனால் செய்முறையைப் பார்த்தால் எனக்கு வேறு சொல் தோன்றுகிறது. தாளைத் தரையில் விரித்து, வெட்டிய அட்டைகளை வைத்து, மருந்தை இங்கே அடர்த்தியாகவும் அங்கே லேசாகவும் தூவுகிறார். மேலே பலகை மூடிக் கல்லைப் பாரம் வைக்கிறார்கள். திரி பற்றினால் சில நொடிதான். பலகையைத் தூக்கியதும் உதவியாளர்கள் ஓடிவந்து கங்குகளைத் தட்டி அணைக்கிறார்கள். தாளில் மிஞ்சுவது கருகலும் மஞ்சள் படிவும். நெருப்பு கடந்துபோன தடம் அது. அதனால் ‘வெடிச்சுவடு’. சுவடியும் பக்கத்திலேயே ஒலிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. சாயின் அப்பா ஓவியரும் எழுத்தோவியக்காரருமாக இருந்தவர், புத்தகக் கடையில் வேலை பார்த்தவர் என்பதால் அந்தச் சாயலும் பொருந்துகிறது.

> பொதுச்சொல்லில் ‘மருந்து’ வேண்டாம், ‘வெடிபொருட்கலை’ என்று வைப்போம்.

இதைக் கடுமையாக மறுக்கிறேன். சீனத்தில் இந்தப் பொருளின் பெயர் ஹுவோயாவ், அதாவது நெருப்பு மருந்து. சாவா மருந்து தேடிய தாவோ சமய ரசவாதிகளின் அடுப்பில் பிறந்த பொருள் என்பதால் வந்த பெயர். சாய் இதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறவர், குணப்படுத்துவதையும் அழிப்பதையும் ஒரே பொருளில் பார்க்கிறவர். தமிழிலும் அது வெடிமருந்துதான். கந்தகமும் வெடியுப்பும் நம் சித்த மருத்துவத்திலும் இருக்கின்றன. வேறு எத்தனையோ மொழிகளில் வெறும் தூள் என்று போய்விட்ட இடத்தில் நம் சொல் சீனச் சொல்லோடு பொருந்தி நிற்கிறது. அதை நாமாக வெட்டியெறிய வேண்டாம்.

‘பப்ளிக் ஆர்ட்’டுக்கு ‘பொதுவெளிக்கலை’ என்பதை ஆதரிக்கிறேன். ‘பொதுக்கலை’ என்றால் இடம் மறைந்துவிடும். 2025 செப்டம்பரில் திபெத்தின் மலைச்சரிவில் அவர் செய்த டிராகன் வடிவ வாணத்துக்கு எவ்வளவு எதிர்ப்பு வந்தது! அந்த உயரத்து மண்ணும் புல்லும் என்னாகும் என்று சீன மக்களே கேட்டார்கள், அவர் மன்னிப்பும் கேட்டார். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். இந்தக் கலைக்கு வெளி என்பது வெறும் பின்புலத் திரை இல்லை, சொல்லிலும் அது தெரிய வேண்டும்.

தொகுப்பில் சேர்க்க என் வரைவு:

வெடிமருந்துக்கலை – பொதுச்சொல்.
வெடிநிகழ்த்துகை – ஓர் இடத்தில், குறித்த நேரத்தில், வெடிமருந்தைக் கொண்டு நடத்தும் படைப்பு.
வெடிச்சுவடு – தாளிலோ துணியிலோ வெடிமருந்தை எரித்து உண்டாக்கும் ஓவியம்.

‘நிகழ்த்துகை’ நாவில் நீளுகிறது என்பவர்கள் மாற்றுச்சொல்லோடு வாருங்கள். ‘வெடிக்கூத்து’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். அதையும் மறுபடி எடுத்துப் பேசலாம்.