ராஜபாளையம் குட்டி: விற்பவரை எதை வைத்து நம்புவது?

தங்கச்சிமடத்தான்:
வீடு கடற்கரையை ஒட்டி. கோழி, ஆடு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். காவலுக்கு ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி வேண்டும். ஃபேஸ்புக்கில் ஒருவர் 35 நாள் குட்டி இருக்கிறது என்கிறார். பாதிப் பணத்தை ஜிபேயில் போட்டால் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவந்து தருவாராம். வாங்கலாமா?

மண்டபம் மாமா:
தம்பி, பணத்தைப் போட்டுவிடாதீர்கள். 35 நாளில் தாயிடமிருந்து பிரிப்பதே தப்பு. 2017இல் வந்த மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பிரீடர், அதாவது நாய் வளர்த்துக் குட்டி விற்பவர், மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். முகம் சுளித்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

குட்டி எல்லாமே அழகாகத்தான் இருக்கும், பார்க்க வேண்டியது தாயை. அவர் வீட்டுக்கே போங்கள். தாய் விலா தெரிய மெலிந்து, ஆள் வந்தால் மூலையில் ஒடுங்குகிறதா? முந்தின ஈத்து எப்போது என்று கேளுங்கள். வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் எடுக்கக் கூடாது.

ராஜபாளையத்தில் இன்னொன்று, காது. அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்தே சில குட்டிகள் செவிடாகப் பிறக்கும். கூட்டத்தில் வைத்துக் கைதட்டினால் தெரியாது. மற்றவை திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பும். தனியாகத் தூக்கி வந்து, தூங்கவிட்டு, அதன் பார்வையில் படாமல், உங்கள் மூச்சுக்காற்றும் அதன்மேல் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலால் தரையைத் தட்டாதீர்கள், அதிர்வில் எழுந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதிலும் தப்பிவிடும், அதற்குக் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். நல்ல பிரீடர் இதை அவரே சொல்லுவார். உங்களிடமும் நூறு கேள்வி கேட்பார்: ஆடு இருக்கிறதா, பகலில் கட்டிப்போடுவீர்களா என்று. அப்படிக் குடைகிறவரிடம்தான் நான் வாங்குவேன்.

தேவிபட்டினம் அக்கா:
தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். வெறும் பேனாக் கிறுக்கலை நம்பாதீர்கள், பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் குட்டி தாங்காது. வெள்ளைத்தோல், இளஞ்சிவப்பு மூக்கு வேறு. நம்ம ஊர் வெயிலில் மணலில் கட்டிப்போட்டால் புண்ணாகிவிடும். நிழல் இருக்கிறதா?

கீழக்கரை வாசி:
எதற்கு இவ்வளவு அலைச்சல்? தெருக்குட்டி ஒன்றை எடுத்து ஊசி போட்டு வளருங்கள். காவலுக்கு அது போதாதா?

மண்டபம் மாமா:
போதும்தான், நான் மறுக்கவில்லை. என் வாசலில் கிடப்பதும் தெருவில் வந்ததுதான். ஆனால் தம்பி கேட்டது வேறு.

தங்கச்சிமடத்தான்:
அந்த ஆளிடம் தாயைப் பார்க்கணும் என்றேன். "தோட்டத்தில் இருக்கு, அங்கே யாரையும் விடறதில்ல" என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ராஜபாளையத்தில் இன்னொருவர், பத்து வாரம் ஆனபிறகுதான் தருவேன், வீட்டுக்கு வந்து பாருங்கள் என்கிறார். வீட்டில் கோழி திறந்து திரியுமா என்றும் கேட்டார். நிழலுக்கு வேப்பமரம் இருக்கிறது அக்கா. பஸ்ஸில் கொண்டுவர முடியுமா மாமா?

மண்டபம் மாமா:
கோழியைக் கேட்டாரா? அப்போ ஆள் சரி. ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள், சிலர் ஏற்ற மாட்டார்கள். கிளம்புவதற்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே தீனியை நிறுத்தச் சொல்லுங்கள், தண்ணீர் மட்டும் போதும். இல்லாவிட்டால் அருப்புக்கோட்டை தாண்டுவதற்குள் உங்கள் மடியில் வாந்தி எடுத்துவிடும்.