ஆளைப் பாத்ததுமே மார்க் போட்டுடுறோமா?

இரவுப்பறவை:
போன வாரம் டீமுக்கு ஆள் எடுக்க ஆறு பேரை இன்டர்வியூ பண்ணேன். ஒருத்தர் வந்து உக்காந்த ரெண்டாவது நிமிஷமே "இவர்தான்"னு மனசு சொல்லிருச்சு, அப்புறம் அவர் தடுமாறுனப்போ நானே பதிலை எடுத்துக் குடுத்திருக்கேன், அதே கேள்வில ஒரு பொண்ணு தடுமாறுனப்போ "பேசிக்கே தெரியல"னு எழுதி வச்சிருக்கேன். ராத்திரி நோட்ஸைத் திருப்பிப் பாத்தப்பதான் உறைச்சுது. அவர் பேச்சு என் பேச்சு மாதிரியே இருந்துச்சு, வேற காரணமே இல்ல. நமக்கே தெரியாத இந்த சாய்வை எப்படிங்க குறைக்கறது?

கறார்கண்ணன்:
பாஸ், ஓவரா யோசிக்கறீங்க. இதுக்கு அன்கான்ஷியஸ் பயஸ்னு பேர் வச்சு ட்ரெயினிங் வித்து காசு பாக்கறாங்க. 1998ல வந்த ஐஏடி டெஸ்ட்டை (படம், வார்த்தையை எவ்ளோ வேகமா பிரிக்கறோம்னு பாத்து மறைஞ்சிருக்கற சாய்வை அளக்கற சோதனை) எடுத்துப் பாருங்க, இன்னைக்கு ஒரு ஸ்கோர் வரும் அடுத்த வாரம் வேற வரும். 2019ல 490க்கு மேல ஆய்வுகளை ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, ஸ்கோர் மாறுனாலும் ஆளோட நடத்தை அதனால மாறுனதா தெரியல. பிரிட்டன் அரசே 2020 டிசம்பர்ல சிவில் சர்வீஸ்ல இந்த ட்ரெயினிங்கை நிறுத்தப்போறோம்னு அறிவிச்சுது. பத்து வருஷம் ஆள் எடுத்தவனுக்குப் பாத்ததுமே தெரியும், அதுக்குப் பேரு அனுபவம்.

நிலாமுற்றம்:
ட்ரெயினிங் தண்டம்னா சாய்வே இல்லன்னு ஆயிடுமா? மருந்து வேலை செய்யலன்னா நோயே இல்லங்கற மாதிரி இருக்கு. பாஸ்டன், சிகாகோல ஏறக்குறைய 5000 போலி ரெஸ்யூமே அனுப்பிப் பாத்தாங்க, பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும், 2004ல வெளியான ஆய்வு. தகுதி ஒண்ணுதான், பேரு மட்டும் வேற. கறுப்பர் பேரை விட வெள்ளையர் பேருக்கு 50 சதவீதம் கூடுதலா அழைப்பு வந்துச்சு.

கறார்கண்ணன்:
அதுல "தெரியாம"ங்கறது எங்க இருக்கு? தெரிஞ்சே வேணும்னே ஒதுக்கிருக்கலாமே.

நிலாமுற்றம்:
ஞாயமான கேள்வி, அந்த ஆய்வுல அதைப் பிரிக்க முடியாது. ஆனா 2005ல உல்மன், கோஹன்னு ரெண்டு பேர் பண்ணது இருக்கு. போலீஸ் தலைமைப் பதவிக்கு ஒரு ஆண், ஒரு பெண். ஆணுக்குப் படிப்பு இருந்தா "இந்த வேலைக்குப் படிப்பு முக்கியம்"னாங்க, அவருக்கு இல்லன்னா படிப்போட மதிப்பு கீழ இறங்கிடுது. அளவுகோலை ஆளுக்கேத்த மாதிரி வெட்டிக்கறோம். இதுல கூத்து என்னன்னா "நான் நடுநிலையானவன்"னு ரொம்ப நம்புனவங்கதான் ரொம்ப சாஞ்சாங்க. ஆளைப் பாக்கறதுக்கு முன்னாடியே எது முக்கியம்னு முடிவு பண்ணச் சொன்னப்போ அந்த சாய்வு காணாமப் போச்சு.

(கண்ணன் சார், பத்து வருஷ அனுபவம்னீங்களே... கோச்சுக்காதீங்க 😄)

ஓரமாநிக்கறவன்:
நான் பேப்பர் திருத்தறவன். முதல் பதில் நல்லா இருந்தா ரெண்டாவதுல தப்புக்கும் "அவசரத்துல எழுதிருப்பான்"னு அரை மார்க் போட்டுருவேன். இதை ஹேலோ எஃபெக்ட்னு உளவியலாளர் தார்ன்டைக் 1920லயே எழுதிட்டாரு. இப்ப பேரை மடிச்சு வச்சுட்டு எல்லாருக்கும் முதல் கேள்வியை மட்டும் திருத்துவேன், அப்புறம் கட்டை மாத்தி அடுக்கிட்டு ரெண்டாவது. நேரம் கூட ஆகுது, கழுத்து வலிக்குது, ஆனா என் செல்லப் பசங்க மார்க் கொஞ்சம் இறங்கிருச்சுங்கறது உண்மை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

கறார்கண்ணன்:
சரி, பேப்பருக்கு ஓகே. வாடகைக்கு ஆள் பாக்கறோம், வீட்டு வேலையைப் பிரிக்கறோம், அங்கெல்லாம் பேரை மடிச்சு வைக்க முடியுமா?

நிலாமுற்றம்:
முடியாது. "இதையே வேற ஒருத்தர் சொல்லிருந்தா ஒத்துப்பேனா"ன்னு ஒரு தடவ கேட்டுக்கலாம். அதுவும் எப்பவும் வேலை செய்யும்னு சொல்லமாட்டேன், அவசரத்துலயும் களைப்புலயும் அந்தக் கேள்வியே ஞாபகம் வராது. அதனால பெரிய முடிவை ராத்திரிக்குத் தள்ளாதீங்க.

இரவுப்பறவை:
கேள்வி அஞ்சு, ஒவ்வொண்ணுக்கும் எதுக்கு எவ்ளோ மார்க்குன்னு எழுதிட்டேன். அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிடப் போறேன்.

கறார்கண்ணன்:
அவரை?

இரவுப்பறவை:
ஐயோ, ஆமால்ல. அவரையும் சேத்து ஆறு பேரையும் கூப்பிடணும்.